எதிராளி என்ற இடத்தில் என் பெயர்

மருந்துச் சட்டத்தின் அட்டவணை எச்-1இல் உள்ள மருந்தைக் கடையில் விற்றால், அதற்கென்று வைத்திருக்கும் தனிப் பதிவேட்டில் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் அப்போதே எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இது விதி. நல்ல விதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுதினார். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் என் மனைவி வசந்தாவின் பெயரை எழுதினார். மாத்திரையைச் சாப்பிட்டவன் நான்.

முருகனடியார்களே, மாதக் கிருத்திகை வழிபாட்டுக்கு வரும் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். மத்திகிரியில் வீடு. வருவாய்த்துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். வாரிசுச் சான்றா, பட்டா மாறுதலா, முதியோர் உதவித்தொகையா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவீர்கள். எந்த மனுவை யாருக்கு எழுத வேண்டும், என்ன இணைக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும், எதற்கு வரவே வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வழிபாட்டுக் குழுவின் மலருக்கு ஒன்று எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னபோது, விண்ணப்பம் எழுதும் முறை பற்றித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு வகையில் அதுவும்தான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டு, மாசி மாதம், எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளைக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. அபின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து, பழகிவிடும், கவனம் என்று மருத்துவர் வாயாலும் சொன்னார். சரி என்றேன். முதல் மாத்திரையிலேயே வலி போனது. கூடவே வேறொன்றும் போனது. காலையில் எழுந்து, இன்று போக ஓர் அலுவலகம் இல்லை என்று நினைக்கும்போது வயிற்றில் விழும் ஒரு குழி. அது மூடிக்கொண்டது. பதினோராம் நாள் வலி இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்று அன்று சத்தியம் செய்திருப்பேன். இன்று செய்ய மாட்டேன்.

வசந்தாவுக்கு உண்மையாகவே மூட்டுவலி. அதற்கு ஒரு பழைய மருந்துச் சீட்டும் இருந்தது. "வீட்டம்மாவால் படியேறி வர முடியாது டாக்டர்" என்று சொல்லி, என் மாத்திரையை அவள் பெயரில் எழுதி வாங்கினேன். சலவைச் சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வந்து நின்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ஓசூரில் ஒரு மருத்துவமனை. அது போதாமல் போனபோது பேருந்தேறி எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கிளினிக். இந்த மாநிலத்துப் பதிவேடு அந்த மாநிலத்துப் பதிவேட்டோடு பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். விதி தெரிந்தவனுக்குத்தான் அதன் ஓட்டையும் தெரியும்.

ஏன் அவள் பெயர்? என் பணிப்பதிவேட்டில் ஒரு சிவப்பு மைக் குறிப்புகூட இல்லை. என் பெயர் எங்கும் கறைபடக் கூடாது. அவள் பெயருக்கு அப்படியொரு பதிவேடு இல்லை என்று நினைத்தேன் போலும். யோசித்துச் செய்ததில்லை. யோசிக்காமல் செய்தேன் என்பதுதான் இன்னும் கேவலம்.

பதினேழு மாதம் இப்படிப் போனது. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வாசல் தெளிக்கப் போன வசந்தா வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு தோலுக்கடியில் புடைத்து நின்றது. ஆட்டோ பிடித்து அதே ஓசூர் மருத்துவமனைக்குத்தான் போனோம். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அங்கே பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் கணினியில் அவள் பெயரைத் தட்டினார். கீழே மருந்தகத்துக்குப் போன் செய்தார். அப்புறம் அவளைப் பார்த்த பார்வை மாறிவிட்டது.

"அம்மா, இந்த மாத்திரைய எவ்ளோ நாளா சாப்பிடறீங்க?"

"எந்த மாத்திரம்மா?"

"வலி மாத்திரை. மாசா மாசம் வாங்கறீங்கல்ல."

"நானா? நான் காய்ச்சலுக்கே பாதி மாத்திரதான் போடுவேன். இவரக் கேளுங்க."

மருத்துவர் என்னைக் கேட்டார். நான் ஒரு வாக்கியம் சொன்னேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ கோப்புகளில் எத்தனையோ வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை. இதற்கு வெட்கப்படாத நாளில்லை.

"அவளுக்குக் கொஞ்சம் மறதி டாக்டர்" என்றேன்.

அதை அவர் எழுதிக்கொண்டார். நீண்டநாள் பழக்கம் இருக்கலாம், மறதியும் உள்ளது என்று அவளுடைய நோயாளிக் குறிப்பில் ஏறியது. அதனால் வலிக்கு வலுவான மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சாதாரண மாத்திரையோடு எலும்பை இழுத்துச் சேர்த்துக் கட்டினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முருகா, முருகா என்றாள். என் சட்டைப்பையில் ஆறு மாத்திரைகள் இருந்தன. கழிவறைக்குப் போனேன். ஒன்றை எடுத்து நான் விழுங்கினேன். திரும்பி வந்து அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.

இதைப் படிக்கும் அடியார்கள் இந்த இடத்தில் மலரை மூடி வைத்துவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது வசந்தா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கால்நடைப் பண்ணை தாண்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எனக்கா மறதி?" நான் ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே நான் மாத்திரைகளை ஒளித்து வைத்திருந்த பீரோவின் உள்தட்டு கலைந்து, பின் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் மாவுக்கட்டோடு எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் விருத்தாசலம் பக்கம். எங்கள் முருகன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. குறையை ஒரு தாளில் மனுவாக எழுத வேண்டும். இன்ன ஊர், இன்னார் மகன், எதிராளி இன்னார், குறை இன்னது. குருக்கள் அதைச் சன்னிதியில் சத்தமாகப் படிப்பார். பிறகு மஞ்சள் நூலால் வேலில் கட்டுவார். பிராது கட்டுவது என்று பெயர். கோயிலிலிருந்து நம் ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்ப ஒரு சிறு தொகையும் செலுத்த வேண்டும்; விசாரணைக்கு முருகன் வந்து போக வேண்டுமே, அந்தப் பயணப்படி. தொண்ணூறு நாளில் குறை தீரும். தீர்ந்ததும் நேரில் போய்ப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அரசாங்கத்தைவிட ஒழுங்கான நடைமுறை.

"போயி பிராது கட்டிட்டு வரலாம்" என்றாள் வசந்தா. ஆவணியில் போனோம். மனுவை நான்தான் எழுதினேன். அழகாக எழுதினேன். "மனுதாரரின் குடும்பத்தில் சில காலமாக நிலவிவரும் உடல்நலக் குறைபாட்டினை நீக்கித் தருமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது." எதிராளி என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். குருக்கள் படித்தார். வசந்தா மாவுக்கட்டைத் தாங்கியபடி, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். முடிந்ததும் என்னை ஒருமுறை பார்த்தாள். சாமியைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

தொண்ணூறு நாளில் நானாக ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். பதினொரு நாள். வியர்வை, கொட்டாவி, பேதி, படுத்தால் கால்கள் தானாக உதைத்துக்கொள்ளும். பன்னிரண்டாம் நாள் அத்திப்பள்ளி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை பிறந்தது, கெடு முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மனு கொடுத்தாயிற்று, படியும் கட்டியாயிற்று, நடவடிக்கை எங்கே? வசந்தாவிடம் சொல்லியும் விட்டேன்.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்த கை இன்னும் சரியாக மடங்காது.

"நீங்க ஆபீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி ஒரு மனு வந்தா என்னா பண்ணுவீங்க?"

"எந்த மாதிரி?"

"யாருமேலன்னு இல்ல. என்னா கொறைன்னு இல்ல. யாருக்கு ஒடம்புன்னுகூட இல்ல."

"உரிய விவரங்கள் இல்லைன்னு திருப்பி அனுப்புவேன்."

"அவரும் அதத்தாங்க பண்ணிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்து உருவினாள்.

எத்தனை பேருடைய மனுக்களை அப்படித் திருப்பியிருப்பேன். அவர்கள் மூன்று பேருந்து மாறி, சிங்காரப்பேட்டையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கடவுளிடமே கோடு போட்டு அனுப்பியவன் நான்.

தை மாதம் மறுபடியும் போனோம். இந்த முறை நான்கே வரி. மனுதாரர் பெயர். எதிராளி பெயர், அதே பெயர். குறை: எதிராளி வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதை மனைவி பெயரில் வாங்கி, அவளைப் பழக்கக்காரி என்றும் மறதிக்காரி என்றும் மருத்துவமனையில் எழுத வைத்துவிட்டான். வேண்டுவது: அவனுக்கு உண்மை பேசும் வாயும், அவளுக்கு அவள் பெயரும் திரும்ப வர வேண்டும்.

குருக்கள் ஒருமுறை மனதுக்குள் படித்துப் பார்த்தார். "மனுதாரரும் நீங்க, எதிராளியும் நீங்களே. இப்படி யாரும் கட்டினதில்ல. மெதுவாப் படிச்சுடட்டுமா சார்?"

"சத்தமாத்தானே சாமி படிக்கணும்" என்றேன்.

படித்தார். எனக்குப் பின்னால் காணாமல் போன ஆட்டுக்குப் பிராது கட்ட வந்த அம்மாள் ஒருத்தி நின்றிருந்தாள். "அட, அவரு மேல அவரே போட்டுக்கிறாரு பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். என் காது, கழுத்து எல்லாம் எரிந்தது. அந்த மண்டபத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஊரே பார்ப்பதுபோல் இருந்தது. வசந்தா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அது வரை இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

அந்த வாரமே அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்குப் போனேன். என் பெயரில் சீட்டுப் போட்டேன். அங்கிருந்த மருத்துவரம்மா, எத்தனை மாத்திரை, எத்தனை மாதம் என்று கேட்ட பிறகு வேறு சிலவற்றையும் கேட்டார். வீட்டில் யாருக்குத் தெரியும்? காலையில் எழுந்தால் போக ஓர் இடம் உண்டா? முதுகுவலிக்கு இப்போது என்ன வழி? நீங்கள் தவறினால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? படிவத்தில் இடம் இருக்கிறதே என்று நிரப்புகிறார்கள் என நினைத்தேன். அதுதான் மருந்தில் பாதி என்று தெரிய எனக்கு வெகுநாள் ஆனது.

மீதிப் பாதி, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் ஒரு மாத்திரை. தினமும் வரிசையில் நின்று, செவிலியர் முன்னால் கரைக்க வேண்டும். "எத்தனை நாளைக்கு?" என்றேன். "நாள் கணக்குப் பாக்காதீங்க சார். வருஷம்னு வச்சுக்குங்க. நீங்களா நிறுத்தாதீங்க" என்றார்.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் மாதையன். ஐம்பது வயது. நாகரசம்பட்டிப் பக்கத்துக்காரர், இப்போது மத்திகிரியில் வாடகை வீடு. கிரானைட் பட்டறையில் சுமை ஏற்றுபவர். தோள்பட்டை வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையில் தொடங்கி ஊசி வரை போய்த் திரும்பியவர். வரிசைக்காரர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒருவர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லையென்றால், அடுத்து நிற்பவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். எந்த அரசாணையிலும் இல்லாத விதி. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது.

நான்கு மாதம் நன்றாக இருந்தேன். பசித்தது, தூங்கினேன். அப்போதுதான் அடியார்களே, பக்தர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தவறைச் செய்தேன். வைகாசி விசாகத்தன்று, முருகன் என்னைக் குணமாக்கிவிட்டார், இனியும் மருந்து சாப்பிட்டால் அவரை நம்பாததாகும் என்று முடிவு செய்து, மருந்தைக் காணிக்கையாக விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வசந்தாவிடம்கூட, மருத்துவரே நிறுத்தச் சொன்னார் என்றேன். மறுபடியும் பொய். மூன்றாம் வாரம் அத்திப்பள்ளி. நான் வரிசைக்குப் போகாததைப் பார்த்து வீட்டுக்கு வர வேண்டியவர் மாதையன். அவரோ விசாகத்துக்கு முன்பே, மருந்தைக் கையோடு வாங்கிக்கொண்டு, பட்டறைச் சரக்கோடு சேலம் போய்த் தங்கியிருந்தார். திரும்பி வந்த அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் நின்றார்.

"இன்னா சார், ஆளையே காணோம்?"

நான் விசாகக் கதையைச் சொன்னேன். வசந்தா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாதையன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"சாமியே வந்து நிறுத்தச் சொல்லுச்சா?"

"இல்ல. நானா ஒரு நம்பிக்கைல..."

"எங்க மாமன் காலு ஒடஞ்சி சாமிக்கு வேண்டிக்கினான் சார். காலு சேந்துச்சு. அதுக்குன்னு கட்டு பிரிக்காத முன்னாடியே காவடி எடுத்தானா? நீ இன்னாத்துக்குப் படிச்ச? சாமி உனக்கு மருந்து குட்த்துச்சு. நீ அத சாமி மேலயே தூக்கி எறிஞ்சிட்டு வந்துக்கீற."

உள்ளே வசந்தா சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அழுதேன். மாதையன் காபியைக் குடித்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "சட்டையப் போடு சார், டாக்டரம்மா பன்னெண்டரைக்குப் போயிடும்" என்றார். போனோம். மருத்துவரம்மா திட்டவில்லை. சீட்டில் தேதி போட்டு முதலிலிருந்து தொடங்கினார். அது ஆனி மாதம்.

முருகன் என்ன செய்தார் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உண்மை பேசும் வாய் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாய் தானாக வரவில்லை. என் பொய்யை உடைக்க வாசல் வரை வரும் ஓர் ஆளை அனுப்பினார். கேட்காத ஒரு வரிசையில் என்னை நிற்க வைத்தார். இன்று காலை ஆறு மணிக்கு நடை, ஏழு மணிக்கு முதுகுக்கான பயிற்சி, பத்து மணிக்கு மருத்துவமனை. அங்கே எழுதத் தெரியாதவர்களுக்கு அரை மணி நேரம் மனு எழுதித் தருகிறேன். எதையும் திருப்புவதில்லை. முதுகு வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நான் தவறவில்லை. நாளைக்கும் தவற மாட்டேன் என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.

பிராதின் இரண்டாவது வேண்டுதல் பாக்கி இருந்தது. வசந்தாவின் மூட்டுக்கு அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள். "அந்தக் காயிதத்துல நான் மறதிக்காரி, மாத்திரக்காரி. அது மாறாம நான் எந்த ஆசுபத்திரிப் படியும் ஏற மாட்டேன். மறுபடி ஒருத்தி என்னை அப்படிப் பாக்கக் கூடாது." நொண்டி நொண்டித்தான் நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். ஒவ்வொரு அடியும் என் கணக்கில்தான் விழுந்தது. மூன்று வருடம் பொறுத்தால் மருந்தகப் பதிவேடு கழிந்துவிடும், ஆனால் நோயாளிக் குறிப்பு அப்படியே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆடியில் அந்த ஓசூர் மருத்துவமனைக்கு எழுதினேன். அந்த மாத்திரைகளை உட்கொண்டவன் நான், பொய் சொன்னவன் நான், என் மனைவி ஒரு மாத்திரையும் சாப்பிடவில்லை, அவருக்கு மறதியும் இல்லை, குறிப்பைத் திருத்தித் தருக. கையெழுத்து, முழுப்பெயர், ஓய்வு பெற்ற பதவி. என் சிகிச்சைச் சான்றையும் இணைத்தேன். அத்திப்பள்ளி கிளினிக்குக்கும் ஒரு நகல். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பதில் இல்லை. ஐப்பசியில் நினைவூட்டுக் கடிதம். தையில் இரண்டாவது. நேரில் போனால், பரிசீலனையில் உள்ளது என்றார்கள். அந்தச் சொல்லை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! இப்போதுதான் அது இந்தப் பக்கமிருந்து எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது. அடுத்த ஆவணியில் மூன்றாவது. மார்கழியில் நான்காவது. ஒவ்வொரு நினைவூட்டிலும் நான் செய்ததை மறுபடி முழுதாக எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூடுதலாக எழுத முடிந்தது.

உங்களில் யார் வீட்டிலாவது ஒரு பீரோவின் உள்தட்டு இருக்கும். அதை வைத்திருப்பவர் இதைப் படிக்கவும் கூடும். உங்களுக்குச் சொல்கிறேன். முருகனிடம் எழுதிக் கொடுங்கள். நயமாக எழுத வேண்டாம், எதிராளி என்ற இடத்தில் கோடு போட வேண்டாம். சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மருத்துவமனை வரிசையில் போய் நில்லுங்கள். நான் பத்து மணிக்கு அங்கேதான் இருப்பேன். இரண்டு நாள் நீங்கள் வராவிட்டால் யாராவது வீட்டுக்கு வருவோம். குணமாகிவிட்டோம் என்று தோன்றினால் அந்த எண்ணத்தை உங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என் பிராதை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை. வசந்தாவால் பயணம் செய்ய முடிந்ததும் சேர்ந்து போகலாம் என்றிருக்கிறோம். அவளுக்கு அறுவை சிகிச்சை சித்திரையில் என்று நாள் குறித்தாகிவிட்டது. அவளே கேட்டுக் குறித்தாள். ஏனென்றால் பதில் வந்துவிட்டது.

தபால்காரர் உறையை அவளிடம்தான் கொடுத்தார். உறை மேல் அவள் பெயர் இருந்தது. என்னிடம் நீட்டி, "படிங்க" என்றாள். "மேற்படி நோயாளி அம்மருந்துகளை உட்கொள்ளவில்லை எனவும், நினைவாற்றல் தொடர்பான குறிப்பு தவறான தகவலின்பேரில் பதியப்பட்டது எனவும் திருத்தம் செய்யப்பட்டுள்ளது" என்று படித்தேன்.

"சத்தமா" என்றாள்.

வாசலில் நின்று, தெருவுக்குக் கேட்கும்படி மறுபடி படித்தேன். அவள் தலையைச் சாய்த்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"தபால் வந்த தேதிய அதுமேல எழுதி வைங்க. எனக்குத்தான் மறதியாச்சே" என்றாள்.

என் பேனாவை எடுத்து, அலுவலகத்தில் எழுதுவதுபோலவே உறையின் இடது மூலையில் எழுதினேன். வரப்பெற்ற நாள்: பங்குனி 9, திங்கட்கிழமை.